கூட இருந்தும் கூடாதவர்

'கூடா நட்பால் நேர்ந்த கொலை' என்று நாளிதழில் தலைப்பு வந்தால், உள்ளே என்ன செய்தி இருக்கும் என்பது தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். மண வாழ்க்கைக்கு வெளியே ஓர் உறவு, அதை ஒட்டி ஒரு தகராறு, முடிவில் ஒரு சாவு. 'கள்ளக்காதல்' என்ற சொல் கொச்சையாகப் பட்டதால் சிலர் 'தகாத உறவு' என்று எழுதத் தொடங்கினார்கள். இன்னும் நாகரிகமாகச் சொல்ல நினைத்தவர்கள் திருக்குறளிலிருந்து ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தலைப்பு இப்போது இந்தப் பொருளில் நிலைத்துவிட்டது.

வள்ளுவர் இந்தப் பொருளில் அந்தச் சொல்லை வைக்கவில்லை. திருமணத்தைத் தாண்டிய உறவைப் பேச அவருக்குப் 'பிறனில் விழையாமை' என்ற 15ஆம் அதிகாரம் தனியே இருக்கிறது. 'கூடா நட்பு' 83ஆம் அதிகாரம். பொருட்பாலில் 'நட்பு' என்ற அதிகாரத்தில் தொடங்கி நட்பைப் பேசும் ஐந்து அதிகாரங்களில் கடைசி அது. முகத்தில் சிரிப்பும் நெஞ்சில் பகையுமாகப் பக்கத்திலேயே இருந்து, வாய்ப்பு வரும்போது அடிக்கிறவனைப் பற்றிய அதிகாரம். நண்பன் செய்யும் துரோகத்தைப் பற்றித் தமிழில் இதைவிடக் கூர்மையான பத்துப் பாட்டு ஓரிடத்தில் சேர்ந்து கிடைப்பது அரிது. அதற்கு அவர் வைத்த பெயர் நம் கையில் இருந்தும் அந்த வேலைக்கு நாம் அதைப் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஏன் வருத்தம் என்பதைச் சொல்லத்தான் இந்தச் சொல்லின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்.

இலக்கணத்தில் 'கூடா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கடைசியில் இருக்க வேண்டிய 'த' விழுந்துவிட்டது. விரித்தால் 'கூடாத நட்பு'. சிக்கல் அந்தக் 'கூடாத' என்ற சொல்லில் இருக்கிறது. இன்றைய காதுக்கு அது விலக்கு. செய்யக்கூடாதது, வைத்துக்கொள்ளக்கூடாதது, பழகக்கூடாதது. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் ஓரடி நகர்ந்து, 'கூடாத ஆள்' என்றால் கெட்டவன் என்றே ஆகிவிட்டது. 'கூடாத பழக்கம்' என்பதைத் தமிழகத்திலும் சொல்கிறோம். இந்தக் காதோடு குறளைத் திறந்தால் 'வைத்துக்கொள்ளக்கூடாத நட்பு' என்றுதான் தலைப்பு ஒலிக்கும். அப்படிப் பொருள் சொல்கிற எளிய உரைகளும் உண்டு. தவறு என்று தள்ளிவிட முடியாது. அப்படிப்பட்ட நட்பை வைத்துக்கொள்ளக்கூடாது என்பதும் உண்மைதானே. ஆனால் அது விளைவு. சொல்லின் உள்ளே இருப்பது வேறு.

கூடுதல் என்றால் சேர்தல், ஒன்றாதல். கூடல், கூட்டம், கூட்டணி, கூட்டாளி எல்லாம் அதன் பிள்ளைகள். 'கூடா' என்றால் சேராத. உள்ளத்தால் சேராமல் வெளியே மட்டும் சேர்ந்திருப்பவருடைய நட்பு என்றே குறளின் பழைய உரையாசிரியர் பரிமேலழகர் இந்தத் தலைப்பை விரிக்கிறார். பகை உள்ளே இருக்கிறது. தக்க இடம் வாய்க்கும்வரை மட்டுமே மேலுக்கு நட்பு நடக்கிறது. விலக்கு என்ற பொருளை அவர் தேடிப் போகவே இல்லை.

இதற்கு அதிகாரத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. அந்த மனிதனைக் குறிக்க வள்ளுவர் பயன்படுத்தும் பெயர்களைப் பாருங்கள். 826ஆம் குறளில் 'ஒட்டார்'. 827இலும் 828இலும் 'ஒன்னார்'. 825இல் மனத்தால் அமையாதவர். ஒட்டாதவர், ஒன்றாதவர், அமையாதவர்: எல்லாமே சேர்தலின் மறுப்பு. தலைப்பில் இருக்கிற 'கூடா'வும் இதே வரிசையில் வந்து நிற்கிறது.

வள்ளுவரோடு இந்த வரிசை முடியவில்லை. பகைவனுக்குப் பழந்தமிழ் வைத்த பெயர்களில் பெரும்பகுதி இப்படித்தான் பிறந்திருக்கிறது: நள்ளார், நண்ணார், மேவார், சேரார், பொருந்தார், ஒன்னார், ஒட்டார், கூடார். அருகில் வராதவன், பொருந்தாதவன், வந்து சேராதவன். வாளெடுத்தவன் என்றோ கொல்பவன் என்றோ இந்தச் சொற்களில் எதுவும் சொல்லவில்லை. வேந்தன் ஒருவன் மற்றவரைத் தன்னோடு வந்து சேரும்படி எதிர்பார்த்த அரசியலில், சேராமல் நிற்பதே பகை. பேச்சுத் தமிழில் இந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை. 'அவங்க ரெண்டு பேருக்கும் சேராது', 'ஆகாது', 'ஒத்துவராது' என்கிறோம். முறிந்த உறவை 'ஒட்டும் இல்லை உறவும் இல்லை' என்கிறோம். ஒட்டார் என்ற சொல் வழக்கொழிந்தாலும், அதைப் பெற்ற எண்ணம் திண்ணைப் பேச்சில் அப்படியே இருக்கிறது.

'கூடார்' என்ற சொல்லும் ஓரிடத்தில் பிழைத்திருக்கிறது. மார்கழி 27ஆம் நாள் வைணவக் கோயில்களிலும் வீடுகளிலும் கூடாரவல்லி. நெய் முழங்கை வழியாக வழிகிற அக்காரவடிசில் பொங்கும் நாள். திருப்பாவையின் 27ஆம் பாசுரம் 'கூடாரை' என்ற சொல்லோடு தொடங்குகிறது. அந்தத் தொடக்கம் திரிந்ததுதான் பண்டிகையின் பெயர். கூடாரம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆண்டாள் சொல்வது தன்னோடு கூடாதவரை, பகைவரை. ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பழைய சொல் நம் வாயில் நெய்மணத்தோடு வந்து போகிறது.

இப்போது தலைப்பைத் திரும்பப் படித்தால் அதன் முரண் தெரியும். நட்பு என்ற சொல்லே நெருங்குதல், சேர்தல் என்ற பொருளுடைய 'நள்' என்ற வேரிலிருந்து வந்தது. நட்டார் என்றால் நண்பர். நள்ளார் என்றால் பகைவர். ஆக 'கூடா நட்பு' என்றால் சேராத சேர்க்கை. ஒன்றையொன்று அழிக்கிற இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்த மனிதனும் அப்படித்தான் இருக்கிறான்.

அதிகாரம் தொடங்குவது ஒரு பொருளோடு. அந்தப் பொருளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் பெயரும் நம்மிடம் உருமாறிக் கிடக்கிறது. 821ஆம் குறள் இத்தகைய நட்பைப் 'பட்டடை' என்கிறது. கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடிக்கல் அது. அடைகல் என்றும் பெயர். 'பட்டடை' பின்னால் 'பட்டறை' ஆயிற்று. அந்தக் கல்லின் பெயர் கல் கிடக்கிற இடத்துக்கும் ஆகி, கொல்லன் பட்டறை என்றோம். பிறகு இரும்பே இல்லாத இடங்களுக்கும் போய், பயிற்சிப் பட்டறை, கவிதைப் பட்டறை என்று நிற்கிறது. கல்லை மறந்துவிட்டதால் குறளின் அடி நமக்கு வலிப்பதில்லை.

ஊர்ப் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். துருத்தி ஊதி ஊதி உலையில் இரும்பு சிவந்ததும், ஆசாரி அதைக் குறட்டால் பிடித்து வெளியே எடுத்துப் பட்டடை மேல் வைக்கிறார். எதிரில் சம்மட்டியோடு ஒருவர். முதல் அடி விழுவதற்கு முந்தைய அந்த ஒரு கணம், இரும்பு ஏதோ பத்திரமான இடத்தில் வந்து படுத்துக்கொண்டதுபோல் இருக்கும். அகலமான, அசையாத, எவ்வளவு பாரமும் தாங்குகிற இடம். பிறகு சம்மட்டி இறங்குகிறது. அதே இரும்பை மண் தரையில் வைத்து அடித்தால் என்ன ஆகும்? மண் அமுங்கும், அடியின் வேகத்தில் பாதியை மண்ணே வாங்கிக்கொள்ளும், இரும்பு தரைக்குள் புதையுமே தவிர அவ்வளவு எளிதில் தட்டையாகாது. பட்டடை எதையும் வாங்கிக்கொள்ளாது. அது உறுதியாகத் தாங்குவதால்தான் அடி முழுவதும் இரும்பின் மேல் இறங்குகிறது.

வள்ளுவர் இந்த உவமையைத் தேர்ந்தெடுத்த திறம் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. துரோகம் செய்பவனுக்கு உவமை தேடினால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கத்தி, பாம்பு, நஞ்சு. அவர் சம்மட்டியைக்கூடச் சொல்லவில்லை. அடிக்கிற கை வேறு யாருடையதாகவும் இருக்கலாம். கீழே இருந்து தாங்கியவன்தான் குற்றவாளி. தாங்குவதுபோல் இருந்து அடி முழுமையாக விழும்படி செய்வது என்ற போக்கில்தான் பரிமேலழகரும் விளக்குகிறார். நட்பில் ஏமாந்தவர்கள் பிறகு சொல்லும் பேச்சைக் கவனித்தால் இது புரியும். கடனுக்கு ஜாமீன் போட்டுக் கெட்டவர், கூட்டுத் தொழிலில் கணக்கைத் தொலைத்தவர், வேலை செய்த இடத்தில் ரகசியம் சொல்லி மாட்டிக்கொண்டவர், யாருமே 'அவன் அடித்தான்' என்று தொடங்குவதில்லை. 'அவனை நம்பித்தான் சாய்ந்தேன்' என்றுதான் தொடங்குகிறார்கள்.

அதிகாரத்தின் மற்ற உவமைகளும் இதே பாதையில்தான் போகின்றன. 827இல் வில். அது வளைவது தீங்கு செய்யத்தான். எவ்வளவு அதிகம் வளைகிறதோ அவ்வளவு வேகமாக அம்பு வரும். 'வணக்கம்' என்ற சொல்லுக்கு வளைதல் என்பதே முதற்பொருள் என்பதை வள்ளுவர் இங்கே முழுமையாகப் பயன்படுத்துகிறார்: சொல்லின் வணக்கத்தையும் வில்லின் வணக்கத்தையும் அருகருகே வைக்கிறார். 828இல் கும்பிட்ட கைக்குள் படைக்கலம். கூடவே, அவர்கள் அழுகிற கண்ணீரும் அதே வகை என்கிறார். கை குவிவது, உடல் வளைவது, கண் கலங்குவது, முகம் மலர்வது. நட்பைக் காட்ட மனித உடலுக்குத் தெரிந்த எல்லா வழியையும் ஒவ்வொன்றாக எடுத்து, இதற்குள்ளும் அவன் இருக்கலாம் என்று காட்டிக்கொண்டே போகிறார்.

அந்தக் கும்பிட்ட கையைக் கதையாக்கியவர் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, ஆகமம் சொல்ல வந்தவனாக உள்ளே நுழைகிறான். ஏட்டுச் சுவடிக் கட்டுக்குள் கத்தி. பெரியபுராணத்தில் அது பக்தியின் கதை. வேடத்தைக் கண்டு வணங்கிய மன்னனின் பெருமை. ஆனால் சுவடிக் கட்டிலிருந்து கத்தி வெளியே வரும் அந்தக் காட்சியில், குறளின் 83ஆம் அதிகாரமும் தவவேடத்தில் மறைந்திருப்பவரைப் பேசும் 28ஆம் அதிகாரமான 'கூடாவொழுக்க'மும் ஒன்றாகச் சந்திக்கின்றன. அங்கேயும் 'கூடா' என்பதற்குப் பொருள் பொருந்தாத என்பதுதான்: பூண்ட தவத்தோடு பொருந்தாத ஒழுக்கம்.

நாலடியாருக்கு வரும்போது சொல் மெல்ல நகரத் தொடங்குகிறது. அதிலும் 24ஆம் அதிகாரத்துக்குக் 'கூடா நட்பு' என்றே பெயர். ஆனால் அதன் முதல் வெண்பாவில் வருகிறவன் கத்தியை மறைத்திருக்கும் பகைவன் இல்லை. ஒழுகுகிற பழங்கூரை வீடு. மழை. உள்ளே வந்த நீரை இறைத்துக் கொட்டிக்கொண்டு, சேற்றால் அணை கட்டிக்கொண்டு, அந்த வீட்டிலேயே உன்னோடு படுத்துக் கிடப்பான் ஒருவன். எதுவரை? தன் காரியம் முடிகிறவரை. அவ்வளவுதான் அந்தப் பாட்டு. எனக்கு இது வள்ளுவரின் பட்டடைக்குச் சமமான படம். ஒழுகும் வீட்டில் சேறு அள்ளிக்கொண்டு கூட இருப்பவனை யார் சந்தேகிப்பார்கள்? வள்ளுவரிடம் பகையாக இருந்தது இங்கே தன்னலமாக இறங்கியிருக்கிறது. அடிப்பதற்காகக் காத்திருப்பவன் போய், கிளம்புவதற்காகக் காத்திருப்பவன் வந்துவிட்டான். உள்ளம் சேரவில்லை என்ற ஒன்று மட்டும் மாறவில்லை.

இரண்டு நூல்களுமே இந்த அதிகாரத்தை எங்கே வைத்திருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். நாலடியாரில் இதற்கு முன்னால் 'நட்பிற் பிழை பொறுத்தல்'. நெல்லுக்கு உமி உண்டு, நீருக்கு நுரை உண்டு, நண்பனுக்குப் பிழை உண்டு என்பது அங்கே பேச்சு. குறளில் 81ஆம் அதிகாரம் 'பழைமை'. நண்பன் நோகும்படி ஏதாவது செய்துவிட்டால், அறியாமையால் செய்தான் என்றோ மிகுந்த உரிமையால் செய்தான் என்றோ எடுத்துக்கொள் என்கிறது 805ஆம் குறள். நற்றிணையின் 355ஆம் பாட்டு இன்னும் தூரம் போகிறது: பழகிய நண்பர் எதிரே இருந்து கொடுத்தால் நஞ்சையும் உண்பார்களாம் மிக்க நாகரிகம் உடையவர்கள். ஆக, நண்பனால் வந்த துன்பம் எல்லாம் துரோகம் ஆகிவிடாது. முன்னோர் இதில் மிகவும் கவனமாக இருந்திருக்கிறார்கள். செய்த செயலைக் கொண்டு அவர்கள் அளக்கவில்லை. ஒரே செயல் நண்பன் செய்தால் பிழை. கூடாதவன் செய்தால் துரோகம். அளவுகோல் மனம் சேர்ந்திருந்ததா என்பதுதான்.

மனம் சேர்ந்துவிட்டால் உடல் சேரவே தேவையில்லை என்பதற்குப் புறநானூற்றில் கதை இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் உறையூரில், பிசிராந்தையார் பாண்டிய நாட்டில். நேரில் கண்டு பழகியதே இல்லை. சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது, அவர் வருவார், அவருக்கும் இடம் விடுங்கள் என்றான். வந்தார். ஒன்றாகப் பழகாமலே உணர்ச்சி ஒத்திருந்தால் நட்பு உண்டாகும் என்ற குறளுக்குப் பரிமேலழகர் இவர்களைத்தான் எடுத்துக்காட்டுகிறார். கூடா நட்பை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் இந்த நட்பு கிடைக்கும்.

கதையாகவே முழுதும் வேண்டுமென்றால் சீவக சிந்தாமணிதான். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் தன் அரசி விசயை மேல் கொண்ட காதலில் மூழ்கி, ஆட்சியைத் தன் நம்பிக்கைக்குரிய அமைச்சன் கட்டியங்காரன் கையில் கொடுக்கிறான். வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள், கேட்கவில்லை. கட்டியங்காரன் அரண்மனையை வளைக்கிறான். கருவுற்ற விசயையைப் பறக்கும் மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுச் சச்சந்தன் போரிட்டுச் சாகிறான். மயிற்பொறி இறங்கியது சுடுகாட்டில். அங்கே சீவகன் பிறக்கிறான். வடமொழிச் சமண நூல்களில் இந்தத் துரோகியின் பெயர் காஷ்டாங்காரன். விறகு நெருப்பு என்று பொருள் கொள்ளலாம். தமிழ் வாயில் அது கட்டியங்காரன் ஆனபோது தற்செயலாக ஒரு வேலை நடந்துவிட்டது. கட்டியம் என்றால் மன்னனின் புகழைச் சொல்லி அறிவிப்பது. கட்டியங்காரன் அதைச் சொல்பவன். தெருக்கூத்தில் வேந்தன் வருகையைச் சொல்லி ஆடுபவருக்கு இன்றும் அதுதான் பெயர். முன்னால் நின்று புகழ் பாடுகிறவன் என்று ஒலிக்கிற பெயரோடு, நண்பனைக் கொன்றவன் தமிழ்க் காப்பியத்தில் நடமாடுகிறான்.

இவ்வளவு நுட்பமான சொல்லை வைத்திருந்த மொழியில் இன்று எல்லாரும் கையில் எடுப்பது 'துரோகம்'. அது வடமொழியின் 'த்ருஹ்' என்ற வேர். தீங்கு செய்தல், பகைத்தல் என்று பொருள். பழைய ஈரானிய மொழியில் இதன் உறவுச் சொல் பொய்யைக் குறித்தது. பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் பேச்சிலேயே மித்திரத் துரோகம் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இது கல்லிலும் ஏறியிருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற, ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தவர்களைத் 'துரோகிகள்' என்று சொல்லி அவர்களின் சொத்தைப் பறிக்கச் சொல்கிறது. சிவத்துரோகி, குருத்துரோகி, இராசத்துரோகி என்று அது பெருகியது. கவனித்தால், எல்லாமே நடந்த குற்றத்துக்கு இடும் பெயர்கள். தண்டனைக்கு முன் எழுதப்படும் சொற்கள்.

'காட்டிக்கொடுத்தல்' அதைப் போன்றதே. தமிழ் விவிலியத்தில் யூதாசோடு அது பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டது. நான் முத்தமிடுகிறவர்தான் அவர் என்று அடையாளம் காட்டினான், முப்பது வெள்ளிக்காசுக்குக் கொடுத்தான். காட்டியும் ஆயிற்று, கொடுத்தும் ஆயிற்று. அந்தக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. ஆனால் இதுவும் செயலின் பெயர். கழுத்தறுப்பு, குழிபறிப்பு, முதுகில் குத்துதல் எல்லாம் அப்படியே. முதுகில் குத்துதல் என்பதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பழந்தமிழ் வீரனுக்கு முதுகில் புண் பட்டால் வெட்கம் புண்பட்டவனுக்குத்தான். வெண்ணிப் போரில் சங்ககாலக் கரிகாலனோடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், நாணி வடக்கிருந்து உயிர் விட்டான். இன்று முதுகில் குத்துப்பட்டால் வெட்கம் குத்தியவனுடையது. உலகம் அந்த அளவில் நல்லதற்கே மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மனநிலைக்குப் பெயராக இன்னும் புழங்குவது 'இரண்டகம்' ஒன்றுதான். இரண்டு அகம். அகம் என்றால் உள்ளம், அகம் என்றால் வீடு, இரண்டும் பொருந்துகின்றன. 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே' என்று பெரியவர்கள் சொல்வதில் 'நினைக்காதே' என்ற வினை எனக்கு முக்கியமாகப் படுகிறது. செய்வதற்கு முன்னால், நினைப்பிலேயே அது தொடங்கிவிட்டது என்று அந்தப் பழமொழிக்குத் தெரியும்.

துரோகம் என்று சொல்வதற்கு ஒரு குற்றம் நடந்து முடிந்திருக்க வேண்டும். கூடா நட்பு என்று சொல்வதற்கு எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. நண்பன் ஒருவன் இன்னும் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் அவன் நம்மோடு இல்லை என்பதை எப்படியோ உணர்கிறோம். நம் நல்ல செய்தியைக் கேட்டதும் அவன் முகம் ஒரு நொடி பிந்தி மலர்கிறது. அந்த நிலைக்குப் பெயரில்லாமல் மனிதர்கள் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். 'துரோகி' என்று சொல்ல ஆதாரமில்லை. 'நண்பன்' என்று சொல்ல மனமில்லை. அந்த இடைவெளிக்காக உருவான சொல் இது. அதைத்தான் குற்றச் செய்திக்குத் தாரை வார்த்துவிட்டோம்.

எப்படி இந்த மாற்றம் நடந்தது? 'கூடாது' விலக்குச் சொல்லாக உறுதிப்பட்டதுதான் அடிப்படை. 'கூடும்' என்றால் இயலும். 'கூடாது' என்றால் இயலாது. இயலாதது மெல்ல ஆகாதது ஆயிற்று, செய்யலாகாதது ஆயிற்று. அதன்பின் 'கூடா நட்பு' தானாகவே 'தகாத பழக்கம்' என்று ஒலிக்கத் தொடங்கியிருக்கும். அதே நூலில் 'கூடாவொழுக்கம்' என்ற தலைப்பும் இருந்தது. அதில் துறவி மறைக்கிற காமம் பேசப்படுகிறது. அந்தத் தலைப்பின் நிறம் இந்தத் தலைப்பின் மேலும் இறங்கியிருக்கும் என்பது என் ஊகம். கெட்ட சகவாசத்தால் பையன்கள் சீரழிவதையும் 'கூடா நட்பு' என்கிறோம். அதுவும் இந்த வழிதான்.

மூலப்பொருளுக்குக் கொஞ்சம் நெருங்கி இந்தச் சொல் பொதுவெளிக்கு வந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி தோற்ற சில வாரங்களில், தம் பிறந்தநாளை ஒட்டி அக்கட்சியின் தலைவர் மு. கருணாநிதி, கூடா நட்பு கேட்டில்தான் முடியும் என்று சொன்னார். கூட்டணிக் கட்சியான காங்கிரசைத்தான் சொல்கிறார் என்று ஏடுகள் எழுதின. அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. குறளுக்கு உரை எழுதியவர், அதிகாரத் தலைப்பு ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். கேட்டவர்கள் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொண்டார்கள். சேரத்தகாதவரோடு சேர்ந்தோம் என்பதா, சேர்ந்திருந்தும் அவர்கள் மனம் சேரவில்லை என்பதா? கூட்டணி என்ற சொல்லும் கூடுதலிலிருந்தே வந்தது என்பதால் அந்த ஒரு தொடர் அன்று இரண்டு பக்கமும் வெட்டியது. நேராகக் குற்றம் சாட்ட முடியாதபோது பழைய நூலின் ஒரு சொல் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

படித்தவர்கள் கைவிட்டதைப் பேச்சுவழக்கு வேறு வடிவில் காப்பாற்றி வைத்திருக்கிறது. 'கூட இருந்தே குழி பறிச்சிட்டான்.' இதில் வரும் 'கூட'வும் கூடு என்ற அதே வினையின் பிள்ளை. வள்ளுவர் 'கூடா' என்றார்; ஊர் 'கூட' என்கிறது. அவர் உள்ளே இருந்து பார்த்தார், மனம் சேரவில்லை. ஊர் வெளியே இருந்து பார்க்கிறது, ஆள் பக்கத்திலேயே இருந்தான். ஒரே மனிதனைப் பற்றித்தான் இரண்டு பேரும் பேசுகிறார்கள். 'இருந்தே' என்ற அந்த ஏகாரத்தில் நாலடியாரின் ஒழுகும் கூரையும் சேற்று அணையும் அடங்கிவிடுகின்றன.

இப்படிப்பட்டவனை என்ன செய்வது என்பதற்கு வள்ளுவர் தரும் விடையில் எனக்குத் தயக்கம் உண்டு. 829, 830ஆம் குறள்களில், அவன் சிரித்தால் நீயும் சிரி, முகத்தால் நட்புக் காட்டி அகத்தால் விலகி நில் என்கிறார். அதாவது, கூடா நட்புக்குக் கூடா நட்பே மாற்று. பொருட்பாலில் அரசனுக்குச் சொன்ன அறிவுரை என்று எடுத்துக்கொண்டால் நியாயம் தெரிகிறது. பகைவனைத் தெரிந்துகொண்டதாகக் காட்டிவிட்டால் அரசன் தலை போய்விடும். கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் வாழ்கிற நமக்கு அந்த வேடம் பெரும் பாரம். நான் திரும்பத் திரும்பப் போவது முந்தைய அதிகாரமான 'தீ நட்பு'க்கு. அங்கே 818ஆம் குறள் வேறொரு வழி சொல்கிறது: முடிகிற காரியத்தையும் முடியவிடாமல் செய்கிறவனுடைய நட்பை, அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தளரவிட்டு விடு. சண்டை வேண்டாம், விளக்கம் வேண்டாம், சிரித்து நடிக்கவும் வேண்டாம். ஊரில் இதைப் 'பேச்சைக் குறைச்சுக்கிட்டோம்' என்பார்கள்.